ஆர்க்கிட்டுக்கு அக்கம்பக்கம்: சென்னை வீட்டு ஹால் ஒன்றில் பதினான்கு மாதங்கள்

## பின்னணி

சென்னையின் தென்பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி இருவர் மட்டும் வசிக்கிறார்கள். இரண்டு வயதுப் பேத்தி விடுமுறைக்கு வந்து போவாள். பிப்ரவரியில் கிரகப்பிரவேசம் நடந்தபோது அன்பளிப்பாக மூன்று ஆர்க்கிட் தொட்டிகள் வந்தன: வெள்ளையிலும் ஊதாவிலும் ஒவ்வொரு ஃபலனாப்சிஸ், ஒரு டென்ட்ரோபியம். மூன்றும் பூவும் மொட்டுமாக இருந்தன. சீர்த்தட்டுகள் இருந்த மேசையிலேயே, வாழைப்பழச் சீப்புகளுக்கும் ஆப்பிளுக்கும் நடுவில் அழகுக்காக வைத்தார்கள். ஐந்தாறு நாளில் ஃபலனாப்சிஸ் மொட்டுகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வெள்ளைச் செடியில் விரிந்திருந்த பூக்களும் சுருங்கிவிட்டன.

பூ போன பிறகு இடம் வெறிச்சென்று தெரிந்ததால், வீட்டுக்கார அம்மா மார்ச்சில் துணைச்செடிகள் வாங்கினார். மணி பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், பீஸ் லில்லி, கலாத்தியா, ஒரு புரோமெலியாட், இரண்டு சிறிய சக்குலென்ட் (சதைப்பற்றுள்ள இலைச்செடி). மூன்றடி நீளப் பீங்கான் தொட்டி ஒன்றில், ஆர்க்கிட்டுகளையும் சேர்த்து, பத்தையும் வரிசையாக நட்டார். "எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்கொன்று ஈரம் கொடுக்கும்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தொட்டியின் அடியில் ஓட்டை கிடையாது.

ஜூன் கடைசியில் எனக்கு போன் வந்தது. வீட்டுச் செடிகளைப் பார்த்துக்கொடுப்பது என் வேலை. "தம்பி, மூணும் ஒண்ணா வாடுது. தண்ணி ஊத்த ஊத்த இன்னும் வாடுது. எனக்குக் கைராசியே இல்லையா?" என்று கேட்டார். "கைராசியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சனிக்கிழமை வர்றேன், அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதீங்க" என்றேன்.

## முதல் நாள் பார்த்தது

தொட்டி ஹாலில் டிவிக்குக் கீழே இருந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னலிலிருந்து எட்டடி தள்ளி. காலை ஒன்பது மணிக்கு போனில் உள்ள ஒளி அளக்கும் செயலியால் பார்த்தேன். ஜன்னலோரம் 13,000 லக்ஸ் அளவில் காட்டியது, தொட்டி இருந்த இடத்தில் 400-ஐத் தாண்டவில்லை. செயலி துல்லியமான கருவி இல்லை என்றாலும், இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும். ஃபலனாப்சிஸ் நன்றாக வளர 10,000 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும். நம் கண்ணுக்கு ஹால் முழுக்க ஒரே வெளிச்சம்போலத்தான் தெரியும். ஜன்னலை விட்டு நாலடி தள்ளினாலே செடிக்கு அது வேறு ஊர்.

எதிர்ச் சுவரில் ஏசி. அதன் மடல் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருந்தது, காற்று நேரே தொட்டியின் மேல் விழுந்தது. மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை டிவி பார்க்கும் நேரம் முழுக்க ஏசி ஓடும். ஈரப்பதமானி ஒன்றை அங்கேயே வைத்துவிட்டு மறுநாள் கேட்டேன். ஏசி போடும் முன் 67 சதவீதம், மூன்று மணி நேரத்துக்குப் பிறகு 43.

இந்த நேரக் கணக்கு முக்கியம். ஃபெர்னும் மணி பிளான்ட்டும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு விடுபவை. ஃபலனாப்சிஸ், அன்னாசியையும் கற்றாழையையும்போல, இரவில்தான் திறக்கும். ஆக, அது வாய் திறக்கும் நேரத்தில்தான் வறண்ட காற்று அதன் மேல் வீசிக்கொண்டிருந்தது.

தண்ணீர் விஷயம் இன்னொன்று. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் பக்கெட்டில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிவந்தார். எண்ணம் நல்லதுதான், ஆனால் வடிகட்டியில் பிரிந்த உப்பெல்லாம் அந்தப் பக்கெட்டில்தான் இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் என் டிடிஎஸ் மீட்டர் 1,600-க்கு மேல் காட்டியது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அப்புறம் வேர். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது, விரலை இரண்டு அங்குலம் விட்டால் சேறு. வெள்ளை ஃபலனாப்சிஸை மெதுவாகத் தூக்கியபோது சாக்கடை வாடை வந்தது. பதினொரு வேர்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்த்தோம். நான்கு கெட்டியாக நின்றன. மற்ற ஏழும் நனைந்த தோல்போல உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டன, உள்ளே இருந்த நூல் மட்டும் செடியில் தொங்கியது. ஊதாவில் ஆறு நல்ல வேர். இரண்டிலும் வேர்களின் நடுவில், நாற்றங்காலிலேயே வைத்த ஸ்ஃபாக்னம் பாசி உருண்டை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தது. டென்ட்ரோபியத்தின் தண்டுகள் சுருங்கியிருந்தாலும் வேர்கள் பரவாயில்லை.

ஊற்ற ஊற்ற வாடியதற்குக் காரணம் இதுதான். அழுகிய வேர் தண்ணீர் குடிக்காது. இலை தொய்ந்திருப்பதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினால் மிச்ச வேரும் போகும்.

மொட்டு உதிர்ந்தது பழைய கதை, உறுதியாக ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது. பழுக்கும் வாழைப்பழமும் ஆப்பிளும் எத்திலீன் வாயுவை விடும், ஃபலனாப்சிஸ் பூக்கள் அதைத் தாங்காது. ஏசி காற்றும் மொட்டை உதிர்க்கக்கூடியது. இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

## பிரித்து வைத்தது

முதல் முடிவு, பத்துச் செடிகளையும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றுவது. அம்மாவுக்கு இதில் வருத்தம். சேர்ந்து இருப்பதைப் பார்க்கத்தானே வாங்கினோம் என்றார். சேர்த்தே வைக்கலாம், ஆனால் ஒரே தொட்டியில் வேண்டாம் என்று விளக்கினேன்.

மலைக்காட்டில் ஒரு மரக்கிளையில் ஆர்க்கிட், ஃபெர்ன், பாசி மூன்றும் நெருக்கமாக வாழ்வது உண்மை. ஆனால் அங்கே மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஆர்க்கிட் வேர் காற்றில் உலர்ந்துவிடும். அந்த வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சு உறை இருக்கிறது. அது சட்டென்று நனைந்து பிறகு காய வேண்டிய அமைப்பு. பாஸ்டன் ஃபெர்னோ மண் ஈரம் குறைந்தாலே இலை உதிர்க்கும். இந்த இரண்டையும் ஒரே மண்ணில் வைத்தால் ஒன்றைக் காப்பாற்றும் தண்ணீர் இன்னொன்றை அழுகவைக்கும். வெளிச்சமும் காற்றும் பொதுவாக இருக்கலாம், தண்ணீர் மட்டும் அவரவர் தொட்டியில்.

அழுகிய வேர்களை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டினோம். வெட்டுவாயில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைத்தோம், நல்ல வேரில் பட்டால் அது உலர்த்திவிடும். பாசி உருண்டையைக் குச்சியால் துளித்துளியாக எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. புதிய கலவை, தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும். மட்டையில் உப்பும் சாறும் இருக்கும் என்பதால் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றிய பிறகே பயன்படுத்தினோம். தொட்டிக்குக் கடையில் அலையவில்லை. வீட்டிலிருந்த கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் டப்பாக்களில், காய்ச்சிய கம்பியால் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டோம். உள்ளே வேர் தெரிவதுதான் இதன் லாபம். பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, வெள்ளிச் சாம்பலாக வெளுத்தால் தண்ணீர் கேட்கிறது. அம்மா ஒரே வாரத்தில் இதைப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னலை ஒட்டி மூன்று தட்டு அலமாரி வைத்தோம். ஏசி மடலை மேல்நோக்கித் திருப்பினோம். தண்ணீருக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்தோம், முதலில் வரும் தூசி கலந்ததை விட்டுவிட்டு. அதில் உப்பு மிகக் குறைவு. சத்தும் இல்லை என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம்.

டென்ட்ரோபியத்தை இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கினேன். அது ஃபலனாப்சிஸைவிட அதிக வெளிச்சம் கேட்பது. 50 சதவீத நிழல்வலை கட்டிய பால்கனிக்குப் போனது, செப்டம்பரில் அங்கே பூத்தது. எல்லா ஆர்க்கிட்டும் ஒன்றல்ல என்பதை இந்த வீட்டில் அந்தச் செடிதான் காட்டியது.

## துணைச்செடித் தேர்வு

சக்குலென்ட் இரண்டும் முதலில் வெளியேறின. அவற்றுக்கு நேர்வெயில் வேண்டும். ஃபலனாப்சிஸ் இலைக்கு அந்த வெயில் பட்டால் வெந்து வெள்ளைத் தழும்பாகிவிடும்.

புரோமெலியாட் உண்மையில் ஆர்க்கிட்டுக்கு நல்ல ஜோடி. அதுவும் மரத்தில் தொற்றி வளர்வது, அதே வெளிச்சத்தில் வளரக்கூடியது. ஆனால் அதன் இலைகளின் நடுவில் குடுவைபோலத் தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு கரண்டித் தண்ணீர் போதும். வாரம் இருமுறை கவிழ்த்துக் கொட்டி மாற்றுவேன் என்று உறுதியாகச் சொல்பவர்களுக்கு மட்டும்தான் சென்னையில் அதைப் பரிந்துரைப்பேன். இந்த அம்மாவுக்கு மூட்டுவலி, அடிக்கடி குனிந்து நிமிர முடியாது. வேண்டாம் என்று முடிவாயிற்று.

மணி பிளான்ட்டும் பீஸ் லில்லியும் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பொருத்தம்தான். இரண்டிலும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன, இலையைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். பேத்தி வருகிற வீடு. மணி பிளான்ட்டைக் கைக்கு எட்டாத மேல் தட்டில் வைத்தோம், பீஸ் லில்லி பக்கத்து வீட்டுக்குப் போனது. ஆந்தூரியம் வாங்கலாமா என்று அம்மா கேட்டதற்கும் இதே காரணத்தால் இப்போது வேண்டாம் என்றேன். ஃபலனாப்சிஸ், பாஸ்டன் ஃபெர்ன், பெப்பரோமியா இவற்றில் அந்த ஆபத்து இல்லை.

புதிதாக வாங்கியவை இரண்டு. ஒன்று, பறவைக்கூடு ஃபெர்ன். இதுவும் மரத்தில் தொற்றி வளரும் இனம், மட்டையும் கரியும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்த இளகிய கலவையிலேயே வளரும். ஆர்க்கிட்டின் குணத்துக்கு மிக நெருங்கிய உள்ளூர்த் துணை என்று இதைத்தான் சொல்வேன். மற்றொன்று, பெப்பரோமியா. சிறிய செடி, ஆர்க்கிட்டின் வெளிச்சத்தை மறைக்காது.

பாஸ்டன் ஃபெர்னை வேறொரு காரணத்துக்காகவே வைத்தேன். ஃபலனாப்சிஸ் தடித்த இலைக்காரி. இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு கஷ்டத்தை வாரக்கணக்கில் வெளிக்காட்டாது. அது வாடித் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். மெல்லிய ஃபெர்ன் இலை காற்று வறண்டால் சில நாளில் நுனி கருகிக் காட்டும், சரிசெய்தால் புது இலை விட்டு மீளும். பக்கத்தில் இப்படி ஒன்று இருப்பது ஆர்க்கிட்டுக்குக் காவல்.

துணைச்செடிகள் ஈரப்பதத்தைக் கூட்டும் என்ற எதிர்பார்ப்பையும் அளந்து பார்த்தோம். ஏசி இல்லாதபோது அலமாரி நடுவே ஹாலின் மறுகோடியைவிட நாலைந்து சதவீதம் கூடுதல். ஏசி ஓடும்போது வித்தியாசமே தெரியவில்லை. ஈரத்துக்காக மட்டும் செடி சேர்ப்பதில் பெரிய பலன் இல்லை.

## ஜூலை முதல் செப்டம்பர் வரை

முதல் ஆறு வாரம் எதுவும் நடக்காததுபோல இருந்தது. ஆகஸ்ட் நடுவில் ஊதாச் செடியின் டப்பாவுக்குள் புதிய வேர்நுனி ஒன்று இளம்பச்சையாகத் தெரிந்தது. அம்மா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார். வெள்ளைச் செடியின் நான்கு வேரில் இன்னும் இரண்டு அழுகின. தண்டும் கறுத்து, செப்டம்பர் முதல் வாரத்தில் அதை இழந்தோம். ஜூன் வரை காத்திராமல் ஏப்ரலிலேயே பிரித்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஃபலனாப்சிஸ் இருக்கட்டும் என்று அதன் இடத்துக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒன்று வாங்கினார். அது பூக்காத இளஞ்செடி.

கலாத்தியா தோற்றது. ஜன்னலோர வெளிச்சம் அதற்கு அதிகம், காற்றின் ஈரம் போதாது. விளிம்பு கருகி இலைகள் சுருண்டபடியே இருந்தன. குளியலறை ஜன்னலுக்கு மாற்றியதும் தெளிந்துவிட்டது. ஆர்க்கிட்டைவிடப் பிடிவாதம் பிடிக்கும் துணையை ஆர்க்கிட் பக்கத்தில் வைக்கக் கூடாது. எதற்காக வாடுகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது.

செப்டம்பர் கடைசியில் ஏசி சர்வீஸுக்கு ஆள் வந்து போனார். ஐந்தாம் நாள் அம்மா போன் செய்தார்: "தம்பி, ஃபெர்ன்ல ஒரு பக்கம் மட்டும் நுனி கருகுது. ஜன்னல் பக்கம் நல்லா இருக்கு, ஹால் பக்கம்தான்." மடலைப் பாருங்கள் என்றேன். சர்வீஸ் முடிந்து மாட்டும்போது அது பழையபடி கீழே திரும்பியிருந்தது. உடனே மாற்றினார். ஆர்க்கிட்டுகளில் அப்போது ஒரு மாற்றமும் இல்லை. மார்ச்சிலிருந்து இதே காற்று மூன்று மாதம் வீசியும் யாருக்கும் தெரியாமல் போனதை நினைத்துப் பார்த்தேன்.

## அக்டோபர்: மாவுப்பூச்சி

மழை தொடங்கியதும் சாலையோர நர்சரியில் ஒரு ஹோயா கொடி வாங்கி, அன்றே அலமாரியின் நடுத்தட்டில் ஊதா ஆர்க்கிட்டோடு இலை உரச வைத்துவிட்டார். பதினெட்டு நாள் கழித்து, ஜன்னல் கிரில் வழியாக எறும்புச் சாரை ஒன்று அலமாரி ஏறுவதைப் பார்த்திருக்கிறார். எறும்பு போன வழியே நானும் போய்ப் பார்த்தேன். ஹோயாவின் கணுக்களில் பஞ்சுபோல மாவுப்பூச்சி. ஆர்க்கிட்டின் அடி இலை தண்டைத் தழுவும் இடுக்கில், தீக்குச்சியால் இலையை லேசாக விலக்கினால் மட்டும் தெரியும்படி, ஐந்தாறு இருந்தன. அவற்றின் இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்பு வருகிறது, பூச்சியைச் செடிவிட்டுச் செடி சுமப்பதும் அதுதான்.

ஹோயாவை அன்றே வெளியேற்றினோம். ஆர்க்கிட்டுகளுக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சியால் ஒவ்வோர் இடுக்கையும் துடைத்தோம், வாரம் ஒருமுறை நான்கு வாரம். முட்டை பொரித்து வருவதால் ஒருமுறையோடு விட முடியாது. பெப்பரோமியாவில் தண்டு முழுக்கப் பரவியிருந்தது, அதைக் காப்பாற்ற முயலவில்லை.

இங்கே என் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். முன்னெச்சரிக்கையாக எல்லாச் செடிக்கும் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளிக்கச் சொன்னேன். ஃபெர்ன் இலை எண்ணெயையும் சோப்பையும் தாங்காது என்பது எனக்குத் தெரியும், ஆனால் "எல்லாவற்றுக்கும்" என்று சொல்லும்போது அதைப் பிரித்துச் சொல்லவில்லை. பாஸ்டன் ஃபெர்ன் பாதிக்கு மேல் கருகிவிட்டது. மண்மட்டத்தில் வெட்டிவிட்டோம். மறுபடி தழைக்க இரண்டரை மாதம் ஆயிற்று. காவலுக்கு வைத்த செடி அத்தனை நாளும் அங்கே இல்லாமல் போனது.

## மார்கழிக் குளிரும் பூத்தண்டும்

ஃபலனாப்சிஸ் பூத்தண்டு விட, சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி தேவை. சென்னையில் குளிர் மிகுந்த காலம் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை, அப்போதும் பெரும்பாலும் இரவில்தான் அந்த அளவுக்கு இறங்கும். இரவில் ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொன்னேன். கொசுவலை இருந்ததால் தயங்காமல் திறந்தார்.

ஜனவரி 20-ஐ ஒட்டி ஊதாச் செடியின் இலைக்கணுவில் பச்சையாக ஒரு முனை வந்தது. வேரா, தண்டா என்று இரண்டு நாள் குழப்பம். வேரின் நுனி உருண்டு வழவழப்பாக இருக்கும். இது தட்டையாக, கட்டை விரல் மட்டும் பிரிந்த கையுறைபோல இருந்தது. தண்டுதான். அதன்பிறகு தொட்டியைத் திருப்பவில்லை, ஏனென்றால் தண்டு வெளிச்சத்தைப் பார்த்தே வளரும், திருப்பினால் கோணலாகும். பழக்கூடையைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். ஏப்ரல் முதல் வாரத்தில் முதல் பூ விரிந்தது, மொத்தம் ஏழு. மொட்டு ஒன்றுகூட உதிரவில்லை. இளஞ்சிவப்புச் செடி இந்த ஆண்டு பூக்கவில்லை, இரண்டு புதிய இலை விட்டிருக்கிறது.

## மறுபடி செய்தால்

துணைச்செடிகளின் எண்ணிக்கையை இன்னும் குறைப்பேன். இரண்டு ஆர்க்கிட்டுக்கு ஒரு பறவைக்கூடு ஃபெர்ன், ஒரு பாஸ்டன் ஃபெர்ன் போதும். இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுவேன். பூச்சி எளிதில் தாண்டாது, மழை மாதங்களில் காற்றும் ஓடும்.

மருந்தைச் செடிவாரியாகத் தனித்தனியாக எழுதிக் கொடுப்பேன். வாய்ச்சொல்லில் விட மாட்டேன். புதுச்செடியைத் தனியே வைக்க வேண்டும் என்று ஜூலையிலேயே சொல்லியிருந்தேன், ஆனால் எங்கே, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இடம் சொல்லாத அறிவுரையை யாராலும் கடைப்பிடிக்க முடியாது. இப்போது சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் பால்கனியில் ஒரு முக்காலி இருக்கிறது. வாங்கிவரும் செடி 21 நாள் அங்கேதான் இருக்கும். வாங்கிய தேதியை மார்க்கரால் தொட்டியிலேயே எழுதுகிறார். போன வாரம் போனபோது அந்த முக்காலியில் புதிய பெப்பரோமியா ஒன்று இருந்தது, இன்னும் எட்டு நாள் பாக்கி.